மேற்கு யன்னலுக்கு எந்தத் துணி? கல்லடியில் பாவித்துப் பார்த்ததில் இருந்து

யன்னலுக்குப் பிளைண்ட், அதாவது சுருட்டி இறக்கும் துணித் திரை, வாங்கப் போகிறவர்கள் அநேகமாகத் துணியின் தடிப்பைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். மட்டக்களப்பின் கல்லடியில் வாவியைப் பார்த்த வீட்டில் ரோலர் பிளைண்ட் போட்டு, பல கச்சான் காற்றுக் காலமும் மாரியும் கண்டபிறகு சொல்கிறேன்: தடிப்பை விட நெசவின் துளையும் நிறமும்தான் முக்கியம்.

துளையைச் சதவீதத்தில் சொல்வார்கள். 5 சதவீதம் என்றால் துணியின் பரப்பில் நூற்றில் ஐந்து பங்கு வெறும் ஓட்டை, அதற்குள்ளால் வெயில் நேரே வரும். கிழக்குப் பக்கக் குசினிக்கு அது தாராளம், காலை வெயில் கெதியாக மேலே ஏறிவிடும். ஏப்ரலில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும்போதும் அடி வாங்குவது கூரைதான், யன்னல் இல்லை. மேற்கு யன்னல் அப்படியில்லை. பின்னேரம் வெயில் தாழ்வாரத்துக்குக் கீழால் சரிந்து உள்ளே வரும், போதாததற்கு வாவித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் கூச்சம் வேறு. அந்தப் பக்கத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் போகவே வேண்டாம், நாள் முழுக்கக் கணினியில் வேலை என்றால் 1 சதவீதம்.

அடுத்தது நிறம். வெள்ளைத் துணி வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே திருப்பி அனுப்புவதால் அறை கொஞ்சம் குளிர்மை, ஆனால் பின்னேரத்தில் துணியே பளீரென்று எரிய, எதிரே இருந்து கணினித் திரையைப் பார்க்க முடியாது. கடும் சாம்பல் நிறத்தில் கூச்சம் அடங்கிவிடும், அதற்குள்ளால் தண்ணீரும் தோணியும்கூடத் தெளிவாகத் தெரியும். சரி, அப்போ சூடு? கச்சான் அடிக்கிற மாதங்களில் நாலு மணிபோல அந்தத் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், அடுப்படி வெக்கை. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், துணி குடித்துக் கக்கும் சூட்டை வெளியே விடாது. ஆகவே வெளிப்பக்கம் வெள்ளையாகவோ வெள்ளிப்பூச்சாகவோ, உட்பக்கம் கறுப்பாகவும் உள்ள துணிதான் என் தெரிவு. விலை கூடத்தான், ஆனாலும் வேலை செய்யும் அறைக்குக் கட்டாயம் போடுங்கள்.

எந்தத் துணியானாலும் உள்ளே தொங்கினால் பாதி வேலைதான் செய்யும், வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டதே. எங்கள் மாமி விறாந்தையில் கட்டியிருக்கும் கிடுகுத் தட்டி, வெயிலைக் கண்ணாடிக்கு வரமுதலே மறித்துவிடுகிறது. மேற்குச் சுவருக்கு வெளியே அப்படி ஒரு மறைப்புக் கட்ட இடம் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், பிளைண்டைப் பிறகு பார்க்கலாம்.

இரவில் லைற் போட்டால் துளைத் துணி எதையும் மறைக்காது, றோட்டில் போகிறவருக்கு வீடு முழுக்கத் தெரியும். படுக்கையறைக்குத் தனியாகக் கர்ட்டின் வேண்டும். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர்களுக்கு மட்டும் வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணி நல்லது, அதிலும் இரு ஓரத்து இடுக்கால் வெளிச்சம் வரத்தான் செய்யும்.

அப்புறம் உப்புக்காற்று. துணி இன்னும் நல்லாத்தான் இருக்கிறது, முதலில் போனது இழுக்கிற சங்கிலி. துருப்பிடிக்காது என்று கடையில் சொல்லித் தந்தது, ஓரத்தில் மண்ணிறக் கறை பிடிக்க வைத்துவிட்டது. கேட்கும்போதே பிளாஸ்டிக் சங்கிலியாகக் கேளுங்கள், மாரி காலத்தில் ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்தால் அந்தப் புள்ளி போகவே போகாது.