போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக ஒரு மாதிரி நீதிமன்றம்: போகலாமா?

போகலாம். ஆனால் முன்கூட்டியே அனுப்பும் வழக்குக் கோப்பைப் படிக்காமல் போனால் பாதிக்கு மேல் தலைக்கு மேலே போய்விடும். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் நடைமுறையைப் பின்பற்றும் பயிற்சி இது. கற்பனை வழக்குதான்: ராணுவம் ஒரு ஊரிலிருந்து ஆண்களைப் பிடித்துப் போகிறது, யாரும் திரும்பவில்லை, அரசோ எங்களிடம் பதிவே இல்லை என்கிறது.

முதல் பாதி அபாரம். கொன்றது ராணுவம்தான் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், ஒழுங்காக விசாரிக்காததே ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 2ஆம் பிரிவை மீறுவதுதான் என்று குடும்பங்கள் தரப்பு பிடித்த பிடி நன்றாக இருந்தது. மகனைத் தேடி அலைந்த தாயையும் பாதிக்கப்பட்டவராக ஏற்ற, துருக்கிக்கு எதிரான குர்ட் என்பவரின் வழக்கில் 1998இல் வந்த தீர்ப்பையும் சரியான இடத்தில் எடுத்தார்கள்.

அரசுத் தரப்பு அதைவிடக் கெட்டி. 1974இல் சைப்ரஸில் காணாமல் போனவர்கள் பற்றிய வர்னாவா வழக்கில் 2009இல் குடும்பங்களுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பையே அவர்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்: விசாரிக்கும் கடமை தொடரலாம், அதற்காகக் குடும்பங்கள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் சும்மா இருந்துவிட்டு வர முடியாது, 10 வருடம் தாண்டினால் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்று. எங்கே போய் முறையிடுவது என்றே தெரியாத குடும்பத்திடம் போய் இதைக் கேட்பதா என்று எரிச்சல் வந்தது, ஆனாலும் சட்டப்படி வலுவான வாதம், பெஞ்சும் அதை விடாமல் குடைந்தது.

பிடிக்காதது இரண்டு. தாய் வேடத்தில் ஒருவரை அழவைத்தது தேவையே இல்லை. நிஜத்தில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் பெரும்பாலும் எழுத்து மனுக்கள்தான், விசாரணை நடந்தாலும் வழக்கறிஞர்கள்தான் பேசுவார்கள். அடுத்தது இழப்பீடு. அதைக் கடைசிக்குத் தள்ளி அவசர அவசரமாக முடித்தார்கள். வர்னாவாவில் மன உளைச்சலுக்காக ஒரு மனுவுக்குக் கொடுத்தது 12,000 யூரோ, அது போதுமா, பணத்தோடு கணக்கு முடிந்ததா, அதன் பிறகும் அரசு தேடவில்லை என்றால் என்ன செய்வது என்றெல்லாம் ஒரு மணி நேரமாவது பேசியிருக்கலாம். குடும்பங்களுக்கு நீதி என்று தலைப்பு வைத்துவிட்டு அதையே விட்டால் எப்படி?

சட்டம் படிக்காதவர்களும் பார்வையாளராக உட்காரலாம். பங்கேற்பதாக இருந்தால் அரசுத் தரப்பைக் கேட்டு வாங்குங்கள், அதிகம் படிக்க வேண்டிவரும்.