காற்றில் மிதக்கும் கையும் கடலோர ஈரமும்

எமினென்ட் டெக்னாலஜி ஈ.டி.-2 டோன் ஆர்ம், அதாவது இசைத்தட்டுக் கருவியில் ஊசியைத் தாங்கும் கை, கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. 1980களில் அமெரிக்காவில் புரூஸ் திக்பென் வடிவமைத்த கை இது. வெளிநாடு போகக் கிளம்பிய ஒருவரிடம் வாங்கினேன். அப்போதே அதற்குக் காற்றைத் தரும் பம்ப் பழுதாகிவிட்டிருந்தது.

சாதாரணக் கை ஒரு முனையில் நின்று வில் போன்ற வளைவில் போகும். இது இசைத்தட்டின் குறுக்கே நேர்கோட்டில் நகரும், தட்டை வெட்டிய இயந்திரம் நகர்ந்ததைப் போலவே. கையைத் தாங்கும் ஸ்பிண்டில் என்ற தண்டு, தலைமயிரை விட மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. எல்.பி. இசைத்தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் வினாடிக்கு 50 சென்டிமீற்றர் ஓடும். உள் விளிம்பில் 21 அளவுதான். அதனால்தான் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் குரல் கரகரக்கும். இந்தக் கையில் அந்தக் கடைசிப் பாட்டும் சுத்தமாகக் கேட்டதால்தான் நான் இதற்கு அடிமையானேன்.

சரி, தொல்லைக்கு வருகிறேன். முதலில் மீன்தொட்டிப் பம்ப் ஒன்றைப் பூட்டினேன். சுழலாத தட்டில் ஊசியை வைத்து, சத்தத்தைக் கூட்டி, பம்பை நிறுத்தியும் போட்டும் கேட்டேன். போட்டதும் மெல்லிய உறுமல் ஒன்று வந்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்தத் துடிப்பு காற்றோடு கைக்கு வந்துகொண்டிருந்தது. காற்றை அமைதிப்படுத்த 4 அங்குல பி.வி.சி. குழாயில் 3 அடி வாங்கப் போனேன். கடைத் தம்பி, “தண்ணிக்கோ அண்ணை?” என்று கேட்டான். “காத்துக்கு” என்றேன். இரண்டு பக்கமும் மூடி ஒட்டினால் ஏழு லீற்றருக்கு மேல் காற்றுப் பிடிக்கும் தொட்டி. பம்புக்கும் கைக்கும் நடுவில் அதை வைத்த அன்றே உறுமல் அடங்கிவிட்டது. செலவழித்த காசுக்கு இவ்வளவு பலன் தந்த வேலை வேறு இல்லை.

ஆனால் கொழும்பில் பெரிய எதிரி ஈரம். சத்தம் கேட்காமல் இருக்கப் பம்பைப் பல்கனியில் வைத்திருந்தேன். அது கடற்காற்றை இழுத்து ஏசி அறைக்குள் தள்ளியது. குளிர்ந்த குழாய்க்குள் நீர் படிந்தது. ஒரு நாள் கை பாதிப் பாட்டில் இழுத்து இழுத்துப் போக, குழாயைக் கழற்றிப் பார்த்தேன்: வளைவில் கண்ணீர்த் துளி அளவுக்குத் தண்ணீர். காற்றுத் துளைகள் ஊசிமுனை போலச் சின்னவை. அங்கே ஒரு துளி போதும், கை நின்றுவிடும். ஸ்பிண்டிலை ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிட்டேன். பிறகு பஞ்சிகாவத்தையில், ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர்கள் பூட்டும் நீர்பிடிப்பான் ஒன்று வாங்கினேன். அதற்கடுத்து ஒரு போத்தல் நிறைய நீலச் சிலிக்கா ஜெல். மணிகள் ரோஸ் நிறமானால், சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் போட்டு மெல்லிய சூட்டில் காயவைப்பேன். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

அடுத்தது எதிர் எடை, ஊசிப் பக்கத்தைச் சமன்செய்யக் கையின் பின்னால் இருக்கும் பாரம். பழைய சொந்தக்காரர் நான்கு ஈயத் துண்டுகளை ஸ்பிண்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இரண்டை எடுத்துவிட்டு, மீதியைப் பின்னால் தள்ளினேன். ஊசி அழுத்தம் பழையபடி 1.8 கிராம்தான். கை பக்கவாட்டில் நகரும்போது ஸ்பிண்டில், ஈயம் எல்லாவற்றையும் ஊசிதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். தட்டில் தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே வெட்டப்பட்டிருப்பதால் அந்தப் பாரம் அங்கேதான் காதுக்குத் தெரியும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தட்டைப் போட்டேன். தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழி விழுவதும், தோல் தளர்ந்து அதிர்வதும் தனித்தனியாகக் கேட்டன. அதுவரை அது ஒரே ‘தொம்’. வளைந்த தட்டுகளில் மட்டும் முன்பை விடச் சற்றுத் தடுமாறுகிறது. அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

கையிலிருந்து வெளியே வரும் வயரும் முக்கியம். நான் முதலில் போட்ட தடித்த வயர் ஸ்பிரிங் போலக் கையைத் தள்ளியது. மயிரிழை போன்றதை அகன்ற வளையமாகத் தொங்கவிட்டதும் சரியானது. மட்டம் பார்க்கவும் இந்தக் கையே போதும்: ஊசி தட்டைத் தொடாதபடி சமநிலையில் மிதக்கவிட்டால், எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம் தானாக நகரும். பக்கத்திலேயே இருக்கும் கரையோர ரயில் பாதையின் அதிர்வால் மாதம் ஒருமுறை பார்த்துவிடுவேன். காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டியும் பார்த்தேன், பெரிய வித்தியாசமில்லை.

2022 மின்வெட்டுகளின்போது ஒன்று கற்றேன். கரண்ட் போனால் தட்டு நிற்பதற்கு முன்பே காற்று தீர்ந்துவிடலாம். கை உட்கார்ந்துவிடும், ஊசித்தண்டு பக்கவாட்டில் இழுபடும். தொட்டியிலிருக்கும் காற்று சில வினாடிதான் தாங்கும். அப்புறம் பம்பை மட்டும் யு.பி.எஸ்.ஸில் மாட்டிவிட்டேன்.

இன்னும் தீராதது, நடுத்துளை தள்ளிப்போன தட்டுகள். ஒவ்வொரு சுற்றுக்கும் கை முழுவதும் ஆடும். அதனால் என்னிடமுள்ள பழைய தட்டுகளில் சிலவற்றின் துளையை அரத்தால் கொஞ்சம் அகலமாக்கி, ஆட்டம் நிற்கும்வரை தட்டை விரலாலேயே நகர்த்தி வைத்துத்தான் கேட்கிறேன்.