நான்கு அணியா, பன்னிரண்டு அணியா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப்

அமெரிக்கன் ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து அல்ல) கல்லூரி அணிகளின் சாம்பியனை முடிவு செய்யும் நாக்-அவுட் சுற்றுதான் பிளேஆஃப். 2014 முதல் 2023 சீசன் வரை அதில் நான்கே அணிகள். இரண்டு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. ஆனால் வாசல் ரொம்பக் குறுகல். 2023-ல் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி 13 ஆட்டமும் ஜெயித்து 13-0 என்று வந்தும், குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தி பந்தை எறியும் முக்கிய வீரர்) காயத்தைக் காரணம் காட்டித் தேர்வுக் குழு வெளியே நிறுத்தியது. அது அநியாயம்தான்.

2024-ல் 12 அணிகள். முதல் நான்கு இடங்களுக்கு முதல் சுற்றில் ஓய்வு, 5 முதல் 8 வரை சொந்த மைதானம். பிளேஆஃபுக்கு முன் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்ற ஓஹையோ ஸ்டேட்டுக்குப் பழைய முறையில் இடமே இருந்திருக்காது; எட்டாம் இடத்தில் நுழைந்து, தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்து சாம்பியனானது.

இதற்கு விலை உடம்புதான்: அந்த அணி ஆடியது மொத்தம் 16 ஆட்டம். மாற்று வீரர்கள் தேறாத அணி, கடைசிச் சுற்றுகள் நடக்கும் ஜனவரியில் தாங்காது. ஓய்வும் வரமில்லை, 2024 சீசனில் முதல் சுற்று ஓய்வால் மூன்று வாரத்துக்கு மேல் ஆடாமல் இறங்கிய நான்கு அணிகளும் காலிறுதியிலேயே தோற்றன. ஆனாலும் எங்கள் ஓட்டு பன்னிரண்டுக்கே.