முயல் வளர்க்கும் வீட்டுக்கு என்ன செடி? சுங்கை பூலோ நர்சரி அனுபவம்

என் பேத்தி இரண்டு முயல் வளர்க்கிறாள். சாயங்காலம் கூண்டைத் திறந்துவிட்டால் வாசல் முழுக்க அதுங்க ராஜ்ஜியம்தான். கோலாலம்பூர் செகாம்புட்டில் எங்களுடையது வரிசை வீடு; மண் என்று இருப்பது ஒரு கார் நிற்கிற இடம். அதில் நான் ஆசையாக வைத்த செம்பருத்தியின் தளிர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. குனிந்து பார்த்தால் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் சாய்வான வெட்டு. முயல் பல்லின் அடையாளம் அது. 

முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடையில் கேட்டேன். "முயல் வாயே வைக்காது" என்று மூன்று அரளித் தொட்டிகளை என் தலையில் கட்டினார்கள். நட்டு இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அரளியில் இலை, பூ, தண்டு, வேர் அத்தனையும் விஷம், இதயத்தையே தாக்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அன்றைக்கே கையுறை மாட்டிக்கொண்டு மூன்றையும் பிடுங்கினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு கோலாலம்பூருக்கு அருகே உள்ள சுங்கை பூலோ போனோம். 1930-இல் தொழுநோயாளிகளுக்காகத் திறந்த குடியிருப்பு அங்கே இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் செடி வளர்த்து விற்றதில் வேர்விட்டதுதான் இன்றைய நர்சரி வரிசை. நாங்கள் நுழைந்த கடையில் நம்மவர் ஒருவர் வேலை செய்கிறார். முயல் தின்னாத செடி வேண்டும் என்றதும் அவர் எந்தத் தொட்டியையும் தூக்கவில்லை. "அக்கா, முயல் வெளியிலேர்ந்து வருதா, நீங்க வளர்க்கிறீங்களா?" என்றார்.

இந்தக் கேள்விக்காகவே அந்தக் கடைக்கு முழு மார்க் போடுவேன். குளிர்நாட்டுக்காரர்கள் மானும் முயலும் ஒதுக்கும் செடிகள் என்று சொல்வதில் டாஃபடில், ஃபாக்ஸ்குளோவ் பூச்செடிகள் எல்லாம் வரும். இரண்டுமே விஷம். வெளியிலிருந்து வரும் பிராணிக்கு அது பிடிக்காவிட்டால் வேறு தீனி தேடிப் போய்விடும். நம் வாசலில் அடைபட்டுக் கிடக்கும் முயல் பொழுது போகாமல் எதையாவது கடித்துப் பார்க்கும்.

கள்ளி வகையும் சேம்பு இனத்து அழகுச் செடிகளும் வேண்டவே வேண்டாம் என்றார். சேம்பு இனத்தில் வாயை ஊசிபோல் குத்தும் படிகங்கள் உண்டு. பிறகு ரோஸ்மேரி இலை ஒன்றைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். "இது நமக்கு வாசம், அதுக்குக் காட்டம்." தொட்டி 12 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு வாங்கினேன். கூடவே ஒரு தூர் செரை (எலுமிச்சைப்புல்), ஆறு செண்டுப்பூ நாற்று. லாவெண்டர் கேட்டதற்கு, "கேமரன் மலைக் குளிருக்குச் சரிக்கா, கோலாலம்பூர் மழையில அழுகிடும்" என்று தர மறுத்துவிட்டார். விற்கத் தெரிந்தவர்கள் நிறைய பேர். இப்படி மறுக்க மனசு வேண்டும்.

மூன்று மாதம் ஆகிறது. ரோஸ்மேரியை இரண்டும் முகர்ந்து பார்த்ததோடு சரி. செரையில் முற்றிய தாளை விட்டுவிட்டு இளங்குருத்தை மட்டும் கொறித்தன. செண்டுப்பூவில் இரண்டு நாற்று போனது என் தவறு. நர்சரியில் உரம் தின்று வளர்ந்த தளிர் மெத்தென்று இருக்கும், முதல் மூன்று வாரம் கோழிவலை கட்டுங்கள் என்று அவர் சொல்லித்தான் அனுப்பினார். நான் தாமதமாகத்தான் கட்டினேன், இரண்டடி உயரத்துக்கு.

குறையும் உண்டு. எந்தச் செடியிலும் விலை எழுதியில்லை, கார் நிறுத்த இடமில்லை. ரோஸ்மேரித் தொட்டியில் மண் களியாக இறுகிக் கிடந்தது. ஒன்று வேர் அழுகிச் செத்தது. மற்றதை மணல் கலந்து மாற்றி நட்டேன், பிழைத்துக்கொண்டது. வாங்குபவர்கள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மண்ணை மாற்றுங்கள்.

செம்பருத்தியைத் தொட்டிக்கு மாற்றி மதில்மேல் ஏற்றிவிட்டேன். கவாத்து செய்கிற அன்றைக்குப் பேத்தி கூடையோடு கீழே வந்து நிற்கிறாள், முயலுக்குக் கிளை வாங்க.