ஓபன்ஃபோம்: தரையை ஒட்டிய காற்றுக்கு நம்பலாமா?

காட்டுப்பள்ளி பக்கம் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "நிலக்கரிக் குவியல்லேர்ந்து தூசி எந்தப் பக்கம் போகும்னு கணக்கு குடுக்கணும்ணா. ஓபன்ஃபோம் போதுமா, இல்ல காசு குடுத்து வேற ஏதாவது வாங்கணுமா?"

ஓபன்ஃபோம் என்பது காற்று, நீர் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் இலவசத் திறந்த மென்பொருள். எண்ணூர், மணலி காற்றைப் பல வருடங்களாக இதில்தான் ஓட்டிப் பார்க்கிறேன். இன்ஸ்டால் செய்வது, மெஷ் போடுவது (காற்றுவெளியைச் சின்னச் சின்னச் செல்களாகப் பிரிப்பது) பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னை இன்றுவரை வதைக்கும் ஒரே விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டடமே இல்லாத வெறும் தரையை ஓட்டிப் பாருங்கள். நுழைவில் லாக் (மடக்கை) வடிவக் காற்றைக் கொடுக்கிறோம்: தரையோரம் மெதுவாக, உயரம் ஏற ஏற வேகமாக. வழியில் தடையே இல்லாததால் அந்த வடிவம் கடைசிவரை அப்படியே போக வேண்டும். போகாது. குவியல் இருக்கும் இடத்துக்கு வருவதற்குள் வேகமும் கொந்தளிப்பும் வேறாகிவிடும். எச்சரிக்கை ஒரு வரிகூட வராது. ரெசிடுவல் (கணக்கில் மிச்சமிருக்கும் பிழை) சமர்த்தாக இறங்கும், வண்ணப்படம் பளிச்சென்று வரும், அதை அப்படியே அறிக்கையில் ஒட்டிவிடுவார்கள். அந்தத் தூசியைச் சுவாசிக்கப்போகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

நியாயமாகப் பார்த்தால் இது இந்த மென்பொருளின் குற்றம் மட்டுமல்ல. 1993-லேயே ரிச்சர்ட்ஸ், ஹாக்ஸி என்ற ஆய்வாளர்கள் இருவரும் காரணத்தை எழுதிவிட்டார்கள். கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாடலில் காற்று வடிவம் குலையாமல் இருக்க, மேல் எல்லையிலும் காற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே சும்மா 'ஸ்லிப்' (உராய்வே இல்லாத எல்லை) என்று விட்டால் வடிவம் தளர்ந்துவிடும். மாடலின் மாறிலிகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வழக்கமான மாறிலிகளோடு சிக்மா எப்சிலான் என்ற மாறிலி 1.11 அளவில் இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். பொதுவாகப் போடும் மதிப்பு 1.3.

தரையின் சொரசொரப்பு இன்னொரு தலைவலி. மணல்துகள் அளவில் சொரசொரப்பைக் கேட்கும் பழைய சுவர் விதியில் (தரையை ஒட்டிய செல்லுக்கான சூத்திரம்), அது காற்றியல் சொரசொரப்பு நீளத்தைப் (தரை காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் அளவு) போல் சுமார் 30 மடங்கு. தண்டையார்பேட்டை மாதிரி நெருக்கமான பகுதிக்கு நீளம் 1 மீட்டர் என்று வைத்தால் 30 மீட்டர் வந்து நிற்கும். முதல் செல்லின் மையம் அதற்கும் மேலே இருக்க வேண்டும். மனிதர் மூச்சு விடுவதோ 1.5 மீட்டரில்! இங்கேதான் ஓபன்ஃபோமை மனதார வாழ்த்துகிறேன். சொரசொரப்பு நீளத்தையே நேரடியாக வாங்கிக்கொள்ளும் சுவர் விதி இதில் தனியாக இருக்கிறது. சில பத்து வரிகள்தான், திறந்து படித்து என்ன செய்கிறது என்று நாமே சரிபார்க்கலாம். அதனால்தான் இதை விட்டுப் போக மனம் வரவில்லை.

ஸ்கீம் (செல்லுக்குச் செல் மதிப்பைக் கடத்தும் கணக்கு முறை) விஷயத்திலும் கவனம் வேண்டும். முதல் வரிசை 'அப்விண்ட்' எளிதில் கன்வெர்ஜ் ஆகும் (தீர்வில் வந்து நிற்கும்), ஆனால் பொய்யான பாகுநிலையை (பிசுபிசுப்பை) சேர்க்கும்: சுமாராக வேகத்தையும் செல் அகலத்தையும் பெருக்கியதில் பாதி. நொடிக்கு 5 மீட்டர் வேகம், 2 மீட்டர் செல் என்றால் நொடிக்கு 5 சதுர மீட்டர். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் உண்மையான கொந்தளிப்புப் பாகுநிலை 0.25-க்குப் பக்கத்தில்தான். காற்று மெஷ்ஷுக்குக் குறுக்கே சாய்ந்து அடிக்கும் இடங்களில் குவியலின் பின்பக்கச் சுழலையே இது கரைத்துவிடும். பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் எல்.இ.எஸ். முறைக்குப் போனாலும் தரையோரச் சுழல்கள் செல்லைவிடச் சிறியவை, அங்கேயும் மாடலைத்தான் நம்ப வேண்டும்.

இவ்வளவு பாராட்டியும் தம்பிக்கு என் பதில், வேண்டாம். எங்கள் பக்கம் கடல்காற்று வழுவழுப்பான நீர்ப்பரப்பிலிருந்து சட்டென்று வீடுகளுக்குள் ஏறுகிறது. மாறாத ஒரே வடிவம் என்ற அனுமானமே அங்கே நிற்காது. அவசரக் கணக்கு என்றால் தரமணி எஸ்.இ.ஆர்.சி.யில் (கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம்) தரையை ஒட்டிய காற்றைச் செயற்கையாக உருவாக்கிப் பார்க்கும் எல்லைப்படலக் காற்றுச் சுரங்கம் இருக்கிறது, முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் ஓபன்ஃபோம்தான் என்றால், வெறும் தரை ஓட்டத்தின் வரைபடம் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.