புல்லட் பின் டிரம்முக்கு ஆயில் பிரேக்: நாலு வருஷம், 31,000 கிலோமீட்டர்

வண்டி 1994 மாடல் புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் இருக்கிற பழைய வகை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை 'பாபர்' என்கிற வெட்டிக் குறைத்த பாணிக்கு மாற்றினேன். பின் மட்கார்டை வெட்டி, ஒற்றை சீட் போட்டு, கால் வைக்கும் இடத்தை ஒன்றரை அடி முன்னால் தள்ளியாயிற்று. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பின் பிரேக் மட்டும் செத்துப்போனது.

காரணம் எளிது. பெடல் முன்னால் போனதும், டிரம் வரைக்கும் ஒரே ராடு போட வழியில்லை. நடுவில் ஒரு திருப்புக்கை வைத்து இரண்டு ராடாகப் பிரித்தோம். ஒவ்வொரு முட்டியிலும் கொஞ்சம் ஆட்டம், ராடு வளைவதில் கொஞ்சம் என்று மிதியில் பாதி அங்கேயே கரைந்துவிடும். போதாததற்குப் பள்ளத்தில் இறங்கினால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஏறும்போது ராடு தானாக இழுபட்டு பிரேக் லேசாகப் பிடிக்கும். கேபிள் போட்டுப் பார்த்தேன். அது ரப்பரை மிதிக்கிற மாதிரி இருந்தது.

டிஸ்க்கே போட்டுவிடலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். பழைய புல்லட்டில் பின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. டிஸ்க் வேண்டுமென்றால் ஹப், வீல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எனக்கு அந்த ஆறு அங்குல டிரம்மின் தோற்றமும் பிடிக்கும். சரி, டிரம் இருக்கட்டும், அதை இழுக்கும் வழியை மட்டும் மாற்றுவோம் என்று முடிவு செய்தேன்.

யோசனை என்னுடையது என்று சொல்ல முடியாது. ஹார்லி டேவிட்சன் 1958ல் டியோ கிளைடு வண்டியில் பின் டிரம்மை ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் பிரேக் ஆக்கிவிட்டது. அதைவிடப் பக்கத்து உதாரணம் ஒன்று தெருவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கோவை கணபதியில் ஆட்டோ பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "ஏனுங்க தம்பி, ஆட்டோவுல மூணு சக்கரமும் டிரம்முதானுங்க. மூணும் ஆயில் பிரேக்குதான். உங்க வண்டிக்கு மட்டும் ஆகாதா?"

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆட்டோவில் வீல் சிலிண்டர் டிரம்முக்குள்ளேயே உட்கார்ந்து, டிரம்மை உரசி நிறுத்தும் ஷூவை நேராகத் தள்ளும். புல்லட் டிரம்முக்குள் அதற்கு இடமில்லை. ஷூவை விரிக்கும் கேமும் வெளியே இருக்கும் கையும் அப்படியேதான் இருக்கும். அந்தக் கையைப் பின்னாலிருந்து தள்ள ஒரு ஸ்லேவ் சிலிண்டர், பெடலை மிதித்தால் அதற்கு ஆயிலைத் தள்ளிவிட பெடலுக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் சிலிண்டர், நடுவில் ஹோஸ். அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

முதல் தடவை எல்லோரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். உக்கடம் பழைய பொருள் கடையில் ஒரு பைக்கின் பின் டிஸ்க் மாஸ்டர் சிலிண்டர் கிடைத்தது. விட்டம் 12.7 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 13 மி.மீ. ஸ்லேவ் ஒரு காரின் கிளட்ச் சிலிண்டர், விட்டம் 19.05 மி.மீ. பெரிய ஸ்லேவ் என்றால் அழுத்தம் கூடும் என்று சந்தோஷப்பட்டேன். கூடும்தான், ஆனால் அதே அளவுக்கு ஓட்டம் குறையும். இரண்டு பரப்பளவுக்கும் 2.25 மடங்கு வித்தியாசம். அதாவது மாஸ்டர் முழுசாக 13 மி.மீ. போனாலும் ஸ்லேவ் 6 மி.மீ. கூட நகராது. பழைய ராடு இருந்தபோது டிரம் கை எவ்வளவு நகர்ந்தது என்று பிறகு அளந்தேன், 14 மி.மீ. பட்டறையை விட்டு வெளியே வந்து தெருமுனையில் பெடலை மிதித்தேன். அடி வரைக்கும் போயிற்று, வண்டி பாட்டுக்கு ஓடியது. முன் பிரேக் காப்பாற்றியது.

டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிபருக்கு நகர வேண்டிய தூரம் மிகக் கொஞ்சம். டிரம்முக்கு அப்படியில்லை. அதனால் இந்த வேலையில் டிஸ்க் மாஸ்டரை மறந்துவிடுங்கள். ஒரு சின்ன வேனின் கிளட்ச் மாஸ்டர்தான் கடைசியில் பொருந்தியது. விட்டம் 15.87, ஓட்டம் 28 மி.மீ. இப்போது ஸ்லேவுக்கு 19 மி.மீ. சொச்சம் கிடைக்கிறது, அழுத்தமும் 1.44 மடங்கு கூடுகிறது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், வெர்னியரால் அளந்து விட்டங்களை வர்க்கப்படுத்தி வகுத்துப் பாருங்கள். நோட்டில் அஞ்சு நிமிஷக் கணக்கு, பட்டறையில் ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்த தொல்லை பெடல் மெத்தென்று இருந்தது. ஏர்தான் என்று நினைத்து மூன்று தடவை ஏர் எடுத்தேன். ஸ்லேவில் ஏரை வெளியேற்றும் நிப்பிள் கீழ்ப்பக்கம் பார்த்து இருந்ததால் உள்ளே ஏர் தங்குவது உண்மைதான். ஸ்லேவைக் கழற்றி, நிப்பிளை மேலே தூக்கிப் பிடித்து எடுத்தேன். அப்படியும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனை உட்கார வைத்து மிதிக்கச் சொல்லிவிட்டு நான் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தேன். "மாமா, மிதிச்சுட்டேன்." ஸ்லேவைத் தாங்கும் தகடு கண்முன்னால் வில்லாக வளைந்து நிமிர்ந்தது. 3 மி.மீ. தகடு. ஏர் என்று நான் நம்பியதில் பாதி அந்தத் தகடு. 6 மி.மீ. தகடு போட்டு, முட்டுக் கொடுத்து வெல்டிங் செய்ததும் பெடல் கல் மாதிரி ஆனது.

அந்தத் தகட்டை முதலில் ஸ்விங் ஆர்மில் வைத்திருந்தேன். செயினை டைட் செய்ய வீலைப் பின்னால் தள்ளும்போதெல்லாம் ஸ்லேவுக்கும் டிரம் கைக்கும் உள்ள தூரம் மாறியது. இப்போது டிரம்மை மூடியிருக்கும் பிரேக் பிளேட்டிலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கிறேன். வீல் எங்கே போனாலும் ஸ்லேவும் கூடவே போகும். ஆட்டத்தையெல்லாம் ஹோஸ் பார்த்துக்கொள்ளும். பள்ளத்தில் பிரேக் தானாகப் பிடிப்பது அன்றோடு நின்றது.

இதற்கு ஒரு விலையும் கொடுத்தேன். முதல் வருஷம் வால்பாறைப் பயணம். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, பெடல் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கட்டும் என்று மாஸ்டரின் தள்ளுகம்பியில் இருந்த இடைவெளியை முழுசாக எடுத்துவிட்டேன். ஆழியாறு தாண்டி மலை ஏற ஏற வண்டி கனத்தது. கார்ப்பரேட்டர் என்று நினைத்தேன். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்தி டிரம்மில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்றது. பின் சக்கரம் சுற்றவே மறுத்தது.

மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்னத் துளை உண்டு. பெடலை விட்டதும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பிப் போகும் வழி அது. இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் அந்தத் துளையை மூடியே வைத்திருக்கும். ஷூ லேசாக உரசி, டிரம் சூடாகி, பிளேட்டில் மாட்டியிருந்த ஸ்லேவும் சூடாகி, ஆயில் விரிந்து, போக்கிடம் இல்லாமல் பிரேக்கை இன்னும் இறுக்கியிருக்கிறது. எட்டாம் நம்பர் ஸ்பேனரால் நிப்பிளைத் திறந்ததும் பீய்ச்சியடித்து சக்கரம் விடுபட்டது. தள்ளுகம்பியில் ஒரு மி.மீ. இடைவெளி வைத்துவிட்டு மீதி முப்பத்தொரு வளைவையும் ஏறினேன். அந்த ஒரு மி.மீ.யை அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை.

பீய்ச்சிய ஆயில் ஸ்விங் ஆர்மில் வழிந்ததை நான் கவனிக்கவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது அந்த இடத்தில் பெயிண்ட் தோல் உரிந்திருந்தது. டாட் 4 ரக பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. டிஸ்க் மாதிரி இது தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளாது. திரும்பு ஸ்பிரிங் ஒவ்வொரு தடவையும் ஸ்லேவைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடுவதால் ஷூ தேயத் தேயப் பெடல் கீழே இறங்கும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஸ்லேவின் கம்பி நட்டைத் திருகினால் போதும். மூன்றாம் வருஷ மழையில் ஸ்லேவின் ரப்பர் உறை கிழிந்து சேறு உள்ளே போய்க் கசிவு ஆரம்பித்தது. உள்ளே ஆயிலை அடைக்கும் ரப்பர் கப் கிட்டை மாற்றினேன், அரை நாள் வேலை. பிரேக் லைட்டுக்கு, ஹோஸை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டோடு வரும் பிரஷர் சுவிட்ச் போட்டிருக்கிறேன். லேசாகத் தொட்டால் எரியாது, கொஞ்சம் அழுத்தினால்தான் எரியும். பின்னால் லாரி வரும்போது இது எனக்குப் பிடிக்கவில்லை.

மொத்தச் செலவு ஆறாயிரத்து எண்ணூறு. வீணாய்ப்போன முதல் மாஸ்டரும் இதில் சேர்த்தி. பிரேக் கூடியதா என்று கேட்டால், டிரம் அதே டிரம்தான். நீண்ட இறக்கத்தில் சூடானால் முன்பு மங்கியது போலவே இப்போதும் மங்கும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வருகிற பழக்கத்தை நான் விடவில்லை. மாறியது பெடலின் உணர்வு. பாதம் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு பிடிக்கிறது, எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி. பெடல் பழைய இடத்திலேயே இருக்கும் வண்டிக்கு இந்த வேலை தேவையே இல்லை. முதலில் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு, டிரம் கையும் ராடும் செங்கோணத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கை அதைத் தாண்டிப் போயிருந்தால் கழற்றி ஒரு பல் பின்னால் மாட்டுங்கள். பாதிப் பேருக்குக் குறை அங்கேயே தீரும், செலவும் இல்லை.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. இறங்கும் முன் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை முழுசாக மாற்றுகிறேன். மறக்காமல் இருக்க ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என்று வைத்திருக்கிறேன். வண்டியைக் கழுவி, பழைய ஆயிலை எடுத்து, புதுசு ஊற்றி, அக்கா பையன் பெடலை மிதிக்க நான் நிப்பிளைத் திறந்து மூடுவேன். மறுநாள் சந்தனம் வைக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் மூடியிலும் அவன் ஒரு பொட்டு வைத்துவிடுகிறான்.