72,000 ரூபாயும் போச்சு, டிபரன்ஷலும் வெடிச்சுப் போச்சு: லேத் வேலை கொடுப்பவர்கள் கவனம்

இன்று பின்னேரம்தான் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை. கோபம் ஆறமுதல் எழுதுகிறேன்.

என்னுடையது மாஸ்டாவின் யூனோஸ் ரோட்ஸ்டர், 1990ஆம் ஆண்டு, 1.6 எஞ்சின். கிளட்ச்சை விடும்போதெல்லாம் பின்னால் "டொக்" என்று ஒரு அடி. கீழே படுத்துப் பார்த்தால் டிபரன்ஷலின் (பின் சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற பல்லுப் பெட்டி) இரண்டு கைகளிலும் இருக்கிற றப்பர் புஷ், அதாவது அதிர்வைத் தாங்குகிற உருளை, கிழிந்து கிடந்தது. இந்தக் காரில் கியர்பொக்ஸுக்கென்று தனி மவுண்ட் இல்லை. எஞ்சினுக்கு இரண்டு, டிபரன்ஷலுக்கு இரண்டு, நடுவில் கியர்பொக்ஸையும் டிபரன்ஷலையும் பிணைக்கிற ஒரு நீளச் சட்டம். அவ்வளவுதான். புஷ் மையம் விலகினால் கியர்பொக்ஸும் சேர்ந்து விலகும்.

கொழும்பில் கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தை வரை விசாரித்தும் புஷ் கிடைக்கவில்லை. சரி, றப்பர் இல்லாத சொலிட் மவுண்டை அலுமினியத்தில் கடைந்து போடுவோம் என்று முடிவெடுத்தேன். பல்லுச் சத்தம் உள்ளே கேட்கும் என்று தெரியும். ஏனென்றால் டிபரன்ஷலைத் தாங்குகிற சட்டமான சப்ஃபிரேம் இந்தக் காரில் பொடியோடு (கார் உடலோடு) நேரே பூட்டியது, இடையில் றப்பர் கிடையாது. அதற்கும் சம்மதித்துத்தான் போனேன்.

யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய ஒரு லேத் பட்டறை. பெயர் எழுதவில்லை. முதலாளி கதிரை போட்டு, பிளேன்டீ தந்து, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். கோண்டாவில் என்றேன். "அட, எங்கட மச்சான் கலியாணம் கட்டினது அங்கதானே!" என்றார். பிறகு ஒரு அலுமினியத் தடியை எடுத்துத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். "இது 6061. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, பஸ்ஸுக்கே செய்து குடுக்கிறனாங்கள்." 6061 என்பது ஒரு அலுமினியக் கலப்பின் இலக்கம். அந்த நிமிடம் நம்பிவிட்டேன். வேலைக்கு 45,000, உலோகத்துக்கு 27,000, மொத்தம் 72,000 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்கவில்லை. ஊர்க்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேன்.

பத்து நாள் என்றார். போன் எடுத்தால் "ஓம் ஓம், நாளைக்கு." பிறகு கரண்ட் இல்லை. பிறகு வேலைப் பெடியன் கலியாண வீட்டுக்குப் போட்டான். பிறகு "நல்லூர்த் திருவிழா முடியட்டும் தம்பி." ஒன்பது கிழமை கழித்துக் கார் கையில் வந்தது. 60ஐத் தாண்ட முன்னமே முழுக் காரும் நடுங்கியது. திரும்பி வரும் வழியில், சந்தியில் கிளட்ச்சை விட்டேன், "படார்" என்றது.

நேற்று அந்தப் பட்டறையிலேயே நின்று கழற்ற வைத்தேன். அவர்கள் கடைந்து போட்ட புஷ் கையால் இழுக்கவே வந்துவிட்டது. பிறெஸ்ஸில் வைத்து அழுத்தி இறக்க வேண்டிய சாமான் அது! சிறிதாகக் கடைந்துவிட்டு, இறுக்கம் வரட்டும் என்று சுற்றிவர சென்டர் பஞ்ச்சால் (புள்ளி குத்துகிற கூர் உளி) குத்தியிருக்கிறார்கள். அம்மைத் தழும்பு போல உடம்பெல்லாம் புள்ளி. பழைய றப்பரை காஸ் போட்டு எரித்திருக்கிறார்கள், டிபரன்ஷலின் கை கரிபிடித்துக் கிடக்கிறது. பழைய புஷ்ஷின் வெளி உறையை வெட்டிய வாள் உறையோடு நிற்காமல் டிபரன்ஷல் கையின் வார்ப்பிலும் இறங்கியிருக்கிறது. அந்த வெட்டிலிருந்துதான் தலைமயிர் போல ஒரு கறுப்புக் கோடு, விரல் நீளத்துக்கு. வெடிப்பு.

காட்டினேன். "பழைய கார் தம்பி, அது முந்தியே வெடிச்சிருக்கும்" என்றார். 72,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "உலோகம் வாங்கின காசு எப்பிடித் திரும்பும்?" அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இன்று காலை போன் ஓஃப். 72,000! நான் இரண்டு வருடமாக ஓவர்டைம் செய்து சேர்த்த காசு.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. முழுக்காசையும் முற்பணமாகக் கொடுக்காதீர்கள். பில் வாங்குங்கள். மைக்ரோமீற்றர் (வேர்னியரைவிட நுணுக்கமாக அளக்கிற கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள், வெறும் வேர்னியரை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். பழைய புஷ்ஷைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், காஸ் டோர்ச்சை எடுத்தால் நிறுத்துங்கள்.

1.6க்கு வருகிற 6 அங்குல டிபரன்ஷலின், கை வெடிக்காத பின்மூடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். 1.8இன் 7 அங்குலம் எனக்குச் சரிவராது.